கல்லறைக்கு நீலப் பெயிண்ட்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு வரும் கேள்வி, "அங்க என்னா வேலை பாக்குற?" என்பதுதான். இத்தனை வருஷமாகியும் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கனடாவில், பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு நடுத்தர நகரத்தின் நிர்வாகத்தில் தொழில்நுட்ப மேம்பாட்டுக்குத் திட்டம் போடுகிறேன். அடுத்த மூன்று வருஷத்துக்கு எந்தத் துறைக்கு என்ன கருவி, என்ன மென்பொருள், எது முதலில், எது அப்புறம், எது கிடையவே கிடையாது என்று எழுதித் தரும் வேலை. குப்பை லாரிக்காரர்கள் ஒன்று கேட்பார்கள், குடிநீர்க்காரர்கள் ஒன்று கேட்பார்கள், நூலகம் எப்போதும் பாவமாக ஏதாவது கேட்கும். எல்லோரையும் உட்காரவைத்து, காபி கொடுத்து, பாதிப் பேரை இல்லை என்று சொல்லி அனுப்பிவைப்பேன்.

என் மச்சான் ஆரோக்கியராஜ் இதை ஒரு வரியில் முடித்துவிடுவான். "முனிசிபாலிட்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுக்குற வேலை. அவ்ளோதான மாமா?"

அவ்வளவுதான். ஆரோக்கியராஜ் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. கடலூர் முதுநகரில் வீடு. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். ஸ்டெல்லா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கேதான் அடக்கம் செய்தோம். அப்போது அவனுக்கு விசா கிடைக்கவில்லை. அக்காவைப் பெட்டியில் வைத்ததை வீடியோ காலில்தான் பார்த்தான். பாதியில் நெட் போய்விட்டது. இந்த அக்டோபரில்தான் ஒருவழியாக விசா கிடைத்து வந்தான். அவன் வந்து போனதையும், போன பிறகு நடந்ததையும் எழுதுகிறேன். படித்து சந்தோஷப்பட இதில் ஒன்றும் இல்லை. வேறு வேலை இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

2

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூட வரமாட்டேன் என்றுவிட்டான். "மொதல்ல அக்காவப் பாத்துடலாம் மாமா." நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியை விட்டேன்.

இங்கே கல்லறைத் தோட்டம் நகர நிர்வாகத்தினுடையது. புல்வெளி, நடுவே தார் ரோடு, வரிசையாகச் சாம்பல் நிறக் கற்கள். மதில் கிடையாது, வாசலில் பூக்காரி கிடையாது. ஸ்டெல்லாவின் கல்லிலும் ஆங்கிலத்தில் பேரும் இரண்டு வருஷங்களும் வெட்டியிருக்கும். வேறொன்றும் இல்லை. ஆரோக்கியராஜ் கல்லின் முன் நின்றான். அழுவான் என்று நினைத்தேன். அவனுக்குக் கோபம் வந்தது.

"என்னா மாமா இது? ஆளில்லாத கல்லறை மாதிரி போட்டு வச்சிருக்கீங்க?"

கடலூர்க்காரர்களுக்கு, அதிலும் எங்கள் மாதா கோயில் ஆட்களுக்கு, இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரம் முழுக்க முதுநகர்க் கல்லறையில் கூட்டம் அலைமோதும். புல் செதுக்குகிறவர்கள் ஒரு பக்கம், வாளியில் சுண்ணாம்பு கரைக்கிறவர்கள் ஒரு பக்கம். வசதி இருந்தால் சுண்ணாம்பு போய்ப் பெயிண்ட். வெள்ளை அடித்து, ஓரத்துக்கு நீலம் இழுத்து, பேரை மறுபடி புதுசாக எழுதுவார்கள். கீழே பிள்ளைகள் பேர். அந்த மாதமே மழை வந்து பாதியைக் கொண்டுபோய்விடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வருகிற வருஷம் மறுபடி அடிப்பார்கள். திருநாள் அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றி, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது, பெயிண்ட் அடிக்காத கல்லறை ஏதாவது இருந்தால் எல்லோரும் ஒரு நிமிஷம் அதைப் பார்ப்பார்கள். இவர்களுக்கு ஆள் இல்லை போலிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மீந்த சுண்ணாம்பை அதற்கும் ஒரு கை அடித்துவிட்டுப் போவதும் உண்டு.

"இங்க பெயிண்ட் அடிக்கக் கூடாது மச்சான். ரூல்ஸ்" என்றேன்.

"ரூல்ஸ் போட்டது யாரு? உங்க முனிசிபாலிட்டிதான? நீங்கதான அங்க இருக்கீங்க?"

நான் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பவன் மட்டுமே என்று அவன் சொன்னதையே அவனிடம் திருப்பிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

3

இப்போது என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

திட்டக் கூட்டங்களில் கல்லறைத் துறை எப்போதும் கடைசி நாற்காலி. செத்தவர்கள் வந்து புகார் கொடுப்பதில்லை. அதனால் எது முதலில் என்று போடும் பட்டியலில் அவர்களுக்கு மதிப்பெண் விழாது. நான்தான் பிடிவாதமாக அவர்களையும் பட்டியலில் சேர்த்தேன். என் மனைவி அங்கே இருக்கிறாள் என்பதும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த கல், உடைந்த கல், கிறுக்கப்பட்ட கல் என்று யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும். குடும்பத்துக்குத் தபாலில் கடிதம் போய், நாலு பக்கப் படிவம் நிரப்பி, கையெழுத்தாகித் திரும்பி வருவதற்குள் பனிக்காலமே வந்துவிடும்.

நான் போட்ட திட்டம் இது. புல் வெட்டும் வண்டியில் ஒரு கேமரா. வண்டி போகிற போக்கில் ஒவ்வொரு கல்லையும் படம் எடுக்கும். போன தடவை எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் தெரிந்தால் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். உடனே குடும்பத்துக்குப் போனில் படத்தோடு ஒரு செய்தி போகும். கீழே இரண்டே பொத்தான்கள்: சம்மதம், ஆட்சேபம். சம்மதம் என்றால் மறுநாளே ஆள் போய் இலவசமாகச் சுத்தம் செய்துவிடுவார். ஆட்சேபம் என்றால் குழு கூடிப் பேசும். நாலு பக்கத்தை ஒரு பொத்தானாக்கியதற்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இந்த வருஷம் வெள்ளோட்டம். சரியாக வந்தால் பஸ் நிழற்குடை, பூங்காச் சுவர், பாலம் எல்லாவற்றுக்கும் இதே முறை என்று ஏற்பாடு.

பொத்தான் என்றதும் சிதம்பரம் ஞாபகம் வருகிறது. மேல வீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். திட்டக்குடி, கம்மாபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து ஆன்லைனில் விண்ணப்பம் போடுவார்கள். எல்லாம் நிரப்பி, "அமுக்கட்டுமா?" என்று கேட்டால் போதும், அத்தனை பேரும் பதறிவிடுவார்கள். இருங்க சார், ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. இருங்க, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குறேன். வரிசையில் நின்றவர்களும் தங்கள் பங்குக்கு ஆலோசனை சொல்வார்கள். ஸ்டெல்லாவை முதலில் பார்த்ததும் அங்கேதான். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வந்தவள், தன் பேரை எழுத்து எழுத்தாக இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "ம், இப்ப அமுக்குங்க" என்றாள். இந்தத் தாமதத்தையெல்லாம் ஒழிக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஒழித்தும்விட்டேன்.

4

ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், ஆரோக்கியராஜ் தனியாகப் பஸ் ஏறிப் பெயிண்ட் கடைக்குப் போயிருக்கிறான். ஆங்கிலம் அவனுக்கு நாலு வார்த்தைதான். கடைக்காரரிடம் வானத்தைக் காட்டி நீலம் வாங்கினானாம். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கல்லறைத் தோட்டம். சாயங்காலம் போன் செய்தான்.

"மாமா, ஆபீஸ் முடிஞ்சு நேரா இங்க வாங்க. ஒண்ணும் கேக்காதீங்க, வாங்க."

போய்ப் பார்த்தால் அந்தச் சாம்பல் வரிசையின் நடுவே ஒரே ஒரு கல் வெள்ளைவெளேர் என்று நிற்கிறது. ஓரத்துக்குக் கடலூர் நீலம். கறுப்பில் ஸ்டெல்லா மேரி என்று தமிழில் பேர். அதன் கீழ் கடலூர் முதுநகர். அதற்கும் கீழே, மக்கள் ஜெனிபர், டேவிட், தம்பி ஆரோக்கியராஜ். எழுத்து கொஞ்சம் கோணல். பெயிண்ட் அங்கங்கே வழிந்திருந்தது. என் பேரைக் காணோம்.

"உங்க பேரு எதுக்கு மாமா? நீங்க வேற, அக்கா வேறயா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் அழுதேன். அவளை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்று போன்களும் வந்தவர்களுக்குச் சாண்ட்விச்சும் என்று ஓடிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அவள் எங்கள் கல்லறையில் இருப்பது போல இருந்தது.

"அவுங்க அழிச்சுடுவாங்களா மாமா?"

"அழிக்க முடியாது மச்சான். அழிக்கணும்னா முதல்ல என்னைக் கேக்கணும். அப்படித்தான் நானே திட்டம் போட்டு வச்சிருக்கேன்."

உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். செய்தி வரும், ஆட்சேபம் என்ற பொத்தானை அமுக்குவேன், குழு கூடும், எழுந்து நின்று கடலூர்ப் பழக்கத்தைச் சொல்வேன், வருஷத்தில் அந்த ஒரு மாதம் மட்டுமாவது விடுங்கள் என்று கேட்பேன். என்ன பேச வேண்டும் என்று காரில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஆரோக்கியராஜ் நிம்மதியாக விமானம் ஏறினான். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி வரவில்லை.

5

வெள்ளோட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு கூட்டம். எங்கள் துறைத் தலைவி நல்ல மனுஷி. திரையில் படம் காட்டி, முறை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று எல்லாத் துறைக்காரர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். மிகச் சிறந்த உதாரணம், இன்று காலைதான் வந்தது என்று கடைசியாக ஒரு படத்தைப் போட்டார். வெள்ளைக் கல், நீல ஓரம், அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். மேலே 'சிதைக்கப்பட்ட நினைவுக்கல்' என்று தலைப்பு.

"ஐயோ, இது எங்க வீட்டு ஆளு" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆங்கிலம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அது என் மனைவியின் கல்லறை, யாரும் சிதைக்கவில்லை, அவள் தம்பி பெயிண்ட் அடித்தான், எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. தலைவி என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, மிகவும் வருந்துகிறேன் என்றார். அப்புறம் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆனால் உங்கள் குடும்பம் சம்மதம் கொடுத்திருக்கிறதே?"

படத்தின் மூலையில் பச்சை அடையாளம் இருந்தது. தொடர்புக்குரிய நபர் என்ற இடத்தில் என் மகள் ஜெனிபரின் பேர்.

ஸ்டெல்லா இறந்த அன்று படிவத்தைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. ஜெனிதான் எல்லாவற்றையும் நிரப்பினாள். தன் போன் எண்ணைத்தான் போட்டிருக்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் நிதானமாக இருந்தது அவள் ஒருத்திதான்.

6

சுத்தம் செய்வது மறுநாள் காலை என்று போட்டிருந்தது. நிறுத்த என்ன வழி என்று விசாரித்தேன். என் திட்டத்தை எனக்கே விளக்கினார்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் கொடுத்தவர்தான் பெற முடியும். கணவன் என்ற முறையில் நான் ஒரு மனு போடலாம். மனு பரிசீலனைக்குப் போகும். பரிசீலனை அடுத்த வாரம்.

ஜெனிக்குப் போன் செய்தேன். அவள் வேறு நகரத்தில் ஒரு வங்கியில் இருக்கிறாள். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். 'மீட்டிங். நாளைக்குப் பேசறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அம்மா கல்லறை விஷயம், அவசரம் என்று எழுதி அனுப்பினேன். பார்த்த அடையாளமே விழவில்லை. டேவிட் அமெரிக்காவில் இருக்கிறான். அவனுக்குச் செய்தும் பயனில்லை, பொத்தான் அவனிடம் இல்லை. பெற்ற பிள்ளைகளைப் போனில் பிடிப்பதற்கு நகர நிர்வாகத்தில் எந்தத் திட்டமும் இல்லை. இருந்தால் அதற்குத்தான் முதல் மதிப்பெண் போட்டிருப்பேன்.

காலையில் விடுப்பு சொல்லிவிட்டுக் கல்லறைக்குப் போய் நின்றேன். தண்ணீர்த் தொட்டி வைத்த சிறிய வண்டியில் ஒருவர் வந்தார். ரமோன் என்று பேர், பிலிப்பைன்ஸ்காரர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் ஊரிலும் வெள்ளை அடிப்போம். என் அம்மாவுக்கு இந்த வருஷம் யார் அடித்தார்களோ தெரியவில்லை" என்றார்.

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இன்றைக்கு முடியவில்லை என்று போட்டுவிடுங்களேன் என்று கெஞ்சினேன். அவரும் மனசோடுதான் வேலைப் பட்டியல் வரும் தன் கைக்கருவியைத் திறந்தார். முடியவில்லை என்பதற்குக் காரணம் கேட்டது. பாதை அடைப்பு, இயந்திரக் கோளாறு, வானிலை. முதல் இரண்டுக்கும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வானிலை என்பதைத் தொட்டார். அது மங்கலாகவே இருந்தது, அமுங்கவில்லை. வெயில் நன்றாக அடிக்கிறது என்று கருவிக்கே தெரிந்திருந்தது. சோம்பேறித்தனமாக மழை என்று போடுபவர்களைத் தடுப்பதற்காக நான்தான் அதை வானிலை நிலையத்தோடு இணைக்கச் சொல்லியிருந்தேன்.

"மதியம் வரை மற்ற வேலையைப் பார்க்கிறேன். அதற்குமேல் என்னால் முடியாது. நான் தற்காலிக ஆள்" என்றார் ரமோன்.

சொன்னபடி செய்தார். நான் கல்லுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து ஜெனிக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். மதியம் அவர் திரும்பி வந்து, தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து தள்ளி நின்றேன். முதலில் கறுப்பு போயிற்று, அப்புறம் வெள்ளை, கடைசியில் நீலம். புதுப் பெயிண்ட் என்பதால் சுலபமாக வந்துவிட்டது. ரமோன் ஒரு துணியால் கல்லைத் துடைத்து, படம் எடுத்து, முடிந்தது என்று போட்டார். ஸ்டெல்லாவுக்கு ஆள் இல்லை என்று ஆயிற்று.

மனுஷன் இப்படி ஒரு கையாலாகாதவனாக இருக்க முடியுமா என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். ஆரோக்கியராஜிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது அவனிடம் சொன்னால் சொல்லட்டும். எனக்கு வாய் வரவில்லை.

7

சாயங்காலம் ஜெனி கூப்பிட்டாள். குரலில் பதற்றம். "என்னாச்சுப்பா? இவ்ளோ மிஸ்டு கால்? உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லமா. அம்மா கல்லறை பத்தி ஒரு மெசேஜ் வந்துதே..."

"ஓ. அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுதான்ப்பா உடனே ஓகே குடுத்தேன். யாரோ வந்து அம்மா கல்லு மேல என்னமோ கிறுக்கிட்டுப் போயிருக்காங்க. பாத்தா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. நான் ஆபீஸ்லயே அழுதுட்டேன் தெரியுமா?"

என் மகள் என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நாலு வாரம் போய்விட்டு, நீச்சல் வகுப்போடு நேரம் இடித்ததால் நின்றுவிட்டாள்.

"கிறுக்கினது யாரும் இல்லமா. உங்க மாமாதான். பெயிண்ட் அடிச்சு, தமிழ்ல எழுதியிருந்தாரு."



"ஆரோக்கியம் மாமாவா?"

"ஆமா. அம்மா பேரு, ஊரு பேரு. கீழ டேவிட் பேரு, உன் பேரு எல்லாம் எழுதியிருந்தாரு."

"இருங்க. அந்தப் படம் இன்னும் இருக்கு" என்றாள். போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. அவள் மூச்சுவிடுவதும், மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று புரிந்தது. நான் காத்திருந்தேன்.

"அப்பா," என்றாள் கடைசியில், "இதுல எதுப்பா நான்?"